கண்ணாடி போடும் எனக்கு ஒத்துவந்த ஹெட்செட்

பழைய ஹெட்செட்டை ஒரு மணி நேரம் மாட்டினால் போதும், கண்ணாடிக் காம்பு காதுக்கு மேலே அழுந்தி விண்விண் என்று தெறிக்கும். செயற்கைத் தோல் உறையும் ஒரே வருடத்தில் உரிந்து, கறுப்புச் செதிலாகக் கழுத்தில் ஒட்டியது.

இப்போது வைத்திருப்பது ஹைப்பர்எக்ஸ் கிளவுட் 2. மெமரி ஃபோம் மெத்தை கண்ணாடிக் காம்பைச் சுற்றி அமுங்கிக்கொடுக்கிறது. காது முழுசாக உள்ளே அடங்குகிறது. பெட்டியிலேயே வெல்வெட் மாதிரி துணி மெத்தை ஒரு ஜோடி கூடுதலாக இருந்தது. அதை மாற்றிய அன்றே காது வியர்ப்பது குறைந்தது. துணி வழியே வெளிச்சத்தம் கொஞ்சம் உள்ளே வரும், பாஸ் என்கிற கனத்த அடித்தள ஒலியும் சற்று இளைக்கும். எனக்கு அது சம்மதம்தான்.

டிரைவர், அதாவது உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கர், 53 மி.மீ. கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமில் படிக்கட்டுக்குப் பின்னால் யாராவது நடந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று பிடிபடுகிறது. ஆனால் சுற்றிலும் இருந்து சத்தம் வருவதுபோல் காட்டும் 7.1 சரவுண்ட் வசதியை அணைத்துவிட்டு ஸ்டீரியோவில் வையுங்கள். காதுக்கு ஒரே டிரைவர்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் கணக்குப் போட்டு உண்டாக்கும் சத்தம். அது சேர்ந்தால் என் காதுக்குத் திசை குழம்புகிறது.

மைக்கைக் கழற்றி வைக்கலாம். எதை வாங்கினாலும் கண்ணாடியோடு 20 நிமிடமாவது மாட்டிப் பாருங்கள், அழுத்தம் அப்போதுதான் தெரியவரும்.