தண்டையார்பேட்டை வீட்டில் ஒரு கேஸ் கீசர்

மூட்டுவலிக்கு அம்மாவுக்கு இரண்டு வேளையும் வெந்நீர் வேண்டும். அண்டாவில் காய்ச்சிச் சுமந்தது போதும் என்று நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் கேஸ் கீசர் வாங்கினோம். எந்நேரமும் எரியும் சுடர் இதில் கிடையாது. குழாயைத் திறந்தால் இரண்டு பேட்டரியின் பொறியில் ‘டப்’பென்று பற்றுகிறது, மூடினால் அணைந்துவிடுகிறது. எரிவாயு வீணாவதில்லை.

பொருத்த வந்தவர் குளியலறைக்குள்ளேயே மாட்டப் பார்த்தார். நான் விடவில்லை. எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு மூடிய அறையில் சேர்ந்தால் வாசனைகூட வராது, உயிரே போய்விடும். பின்பக்கத் திறந்தவெளிச் சுவரில்தான் மாட்டச் செய்தேன்.

மாடித் தொட்டி தாழ்வாக இருந்ததால் அழுத்தம் போதாமல் முதல் வாரம் பற்றவே இல்லை. தொட்டியை உயர்த்திய பிறகே சரியானது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஷவர் துளைகளில் வெள்ளையாகப் படிகிறது. அதனால் கீசருக்கு மெட்ரோ தண்ணீர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியம் தரும் தண்ணீர் மட்டுமே விடுகிறோம்.