எச்சரிக்கை: 1909 ஃபோர்டு மாடல் டி கார் என்று நம்பி 43,500 டாலரைப் பறிகொடுத்தேன்

வண்டி செவ்வாய்க்கிழமை மதியம் வந்து இறங்கியது. இன்று வெள்ளி. மூன்று ராத்திரியாகச் சரியான தூக்கம் இல்லை. ஆத்திரம் இன்னும் அடங்காமல்தான் எழுதுகிறேன், தப்பும் தவறும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழங்கார் வாங்கும் ஆசை உள்ளவர்கள், அதிலும் இங்கே அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். போனது 43,500 டாலர். என்னென்ன பார்த்து வாங்கணும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

டெட்ராய்ட் பக்கம் வந்து பதினாலு வருஷம் ஆகிறது. கார் கம்பெனி ஒன்றில் பிரேக் டிசைன் வேலை. அப்பா நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். இங்கே வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிக்கெட் அவென்யூவில் இருக்கும் ஃபோர்டின் பழைய தொழிற்சாலையைப் பார்க்கப் போனேன், இப்போது அது அருங்காட்சியகம். மூன்று மாடிச் செங்கல் கட்டடம். 1908 செப்டம்பர் கடைசியில் முதல் மாடல் டி அங்கேதான் உருவானது. 1910 தொடக்கத்தில் ஹைலண்ட் பார்க்குக்கு இடம் மாறும்வரை சுமார் 12,000 வண்டிகள் அந்த ஒரே கட்டடத்திலிருந்து வெளியே போயிருக்கின்றன. அந்த மரத்தரையில் நின்ற அன்றே எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. என்றைக்காவது இங்கே பிறந்த வண்டி ஒன்று நம் ஷெட்டில் நிற்க வேண்டும், அப்பா வந்து அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

இந்த விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், ஏமாற்றின இடம் அப்போதுதான் புரியும். மாடல் டி என்றால் 1927 வரைக்கும் ஒன்றரைக் கோடி வண்டி. சாதாரண மாடல் டி இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் முதல் 2,500 வண்டிகள் வேறு சாதி. அவற்றில்தான் என்ஜினுக்குள் தண்ணீரைச் சுற்ற வைக்க வாட்டர் பம்ப் இருந்தது. அதற்குப் பிறகு ஃபோர்டு பம்பையே தூக்கிவிட்டார்கள். சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ரேடியேட்டரில் ஆறிக் கீழே இறங்கும், அவ்வளவுதான். ஆரம்பத்தில் வந்த அந்த வண்டிகளில் பெரிய டூரிங் கார்கள் (கூரையை மடக்கிவிடும் திறந்த வண்டி) சிவப்பு. கறுப்பு ஒன்றுதான் கிடைக்கும் என்ற கதையெல்லாம் 1914க்குப் பிறகு. பித்தளை ரேடியேட்டர், கார்பைடு கேஸில் எரியும் பித்தளை ஹெட்லைட், எண்ணெய் ஊற்றி ஏற்றும் பக்க விளக்குகள். சேகரிப்பவர்கள் உயிரை விடுவது இந்த 2,500க்குத்தான்.

ஜூலையில் பழங்கார்களுக்கென்றே இருக்கும் ஒரு இணைய விற்பனைத் தளத்தில் அப்படி ஒன்று வந்தது. 1909 டூரிங், சிவப்பு, என்ஜின் எண் 2,500க்குள். விற்பவர் பென்சில்வேனியாவில் ஒரு பழங்கார் டீலர். 52,000 கேட்டார், பேசிப் பேசி 43,500க்கு வந்தது. மொத்தம் 38 படம் போட்டிருந்தார். நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என்ஜினின் வலப்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம்கூட இல்லை.

படத்தை மட்டும் நம்பிப் பணம் அனுப்பவில்லை, நேரில் போனேன். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி எட்டரை மணி நேரம் ஓட்டினேன். டீலருக்கு எழுபது வயது இருக்கும். கை ரேகையெல்லாம் கிரீஸ் ஏறிக் கறுத்துக் கிடந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. உண்மையில் நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தது. காபி போட்டுக் கொடுத்தார். அப்பாவைப் பற்றி விசாரித்தார். லாரிப் பட்டறை என்றதும், "அப்படியென்றால் இந்த வண்டி சரியான வீட்டுக்குத்தான் போகிறது" என்றார்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இடது லீவரை மேலே தள்ளி ஸ்பார்க்கைப் பின்னுக்கு வைத்தார். கட்டைவிரலை மடக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்துப் பிடித்து, இடது கையால் கிராங்க்கை மேலே இழுக்கச் சொல்லிக் கொடுத்தார். இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. மரப்பெட்டிக்குள் ஸ்பார்க் கொடுக்கிற அந்த நாலு இக்னிஷன் காயிலும் தேனீ மாதிரி ரீங்காரம் போட, வண்டி முழுக்கக் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் அதைப் பார்த்தார்.

பம்ப் எங்கே என்று கேட்டேன். கேட்காமல் விடவில்லை! "அது ஒழுகும். பாதிப் பேர் அந்தக் காலத்திலேயே கழற்றிவிட்டார்கள்" என்று கண் இமைக்காமல் சொன்னார். பானெட்டை வலப்பக்கமும் தூக்கிக் காட்டச் சொன்னேன். "பெயிண்ட் இன்னும் காயவில்லை, தூக்கினால் கீறல் விழும். உன் வண்டி, உன் வீட்டில் வைத்து நிதானமாகத் திறந்து பார்" என்று தோளில் தட்டினார். இடப்பக்கம் மட்டும் திறந்து, டார்ச் அடித்து, என்ஜின் எண்ணைக் காட்டினார். டைட்டிலில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தில், இருந்த அதே எண். அது போதும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை பாங்குக்குப் போய் வயர் டிரான்ஸ்ஃபர் செய்தேன். 43,500 டாலர். ஊரில் வீட்டுக்கு மேல்மாடி எடுக்கச் சேர்த்து வைத்த பணம் அது. லாரிக்கூலி தனி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் ஊரில் இருக்கும் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தேன். ரிட்டயர் ஆனவர், மூன்று மாடல் டி வைத்திருக்கிறார். ஆசையாகத்தான் வந்தார். வலப்பக்கப் பானெட்டைத் தூக்கியவர் பேசவே இல்லை. பிறகு விரலை வைத்துக் காட்டினார். எக்ஸாஸ்ட் குழாய்க்குக் கீழே, என்ஜினின் இரும்பு உடலான பிளாக்கின் பக்கவாட்டில், இரும்பு மூடி இரண்டு. 1909 என்ஜினில் அந்த இடத்தில் மூடியே கிடையாது. வால்வுத் தண்டும் ஸ்பிரிங்கும் வெட்டவெளியில் தெரிய வேண்டும். மூடி போட்ட பிளாக் வந்தது 1911இல்தான். பெயிண்ட் எப்போதோ காய்ந்திருக்கிறது, கீறல் எதுவும் விழவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அப்புறம் அந்த வயதில் கீழே படுத்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போனார். எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் கழற்றிப் பார்க்கிற மாதிரி ஒரு தகடு. அதுவும் 1911இல் வந்த மாற்றம். பழைய சட்டி ஒரே பாத்திரமாக இருக்கும். கடைசியாக ஒரு துணியில் தின்னர் நனைத்து, எண் இருந்த இடத்தைத் துடைத்தார். பெயிண்டுக்கு அடியில் அரம் போட்டுத் தேய்த்த வரிகள். அதன் மேலேதான் புது எண் அடித்திருக்கிறார்கள். இலக்கங்கள் நேர்கோட்டில்கூட இல்லை. ரேடியேட்டரும் விளக்குகளும் இந்தக் காலத்தில் செய்து விற்கிற புதுப் பித்தளை. அதைச் சொல்லும்போது அவருக்கே சங்கடமாகி, என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாடல் டியில் 1920களின் நடுப்பகுதி வரை சேஸிஸில் எண்ணே கிடையாது. என்ஜின் எண்தான் வண்டியின் அடையாளம், டைட்டிலும் அதை வைத்துத்தான். அதனால் அந்த ஒரு எண்ணை மாற்றினால் வண்டியின் வயசே மாறிவிடும். எங்கிருந்தோ ஒரு பழைய டைட்டிலைப் பிடித்து, கிடைத்த என்ஜினில் அந்த எண்ணை அடித்து, சிவப்புப் பெயிண்டும் பித்தளையும் மாட்டி நிறுத்தினால் நான் 43,500 டாலரோடு வந்து நிற்கிறேன்.

புதன் காலையிலிருந்து போன். முதல் தடவை ஒரு அம்மா எடுத்து, அவர் ஏலத்துக்குப் போயிருக்கிறார் என்றார். இரண்டாவது தடவையும் ஏலம். மூன்றாவது தடவை அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது: வண்டி உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது, நீங்களே நேரில் பார்த்து எடுத்தீர்கள். எண்ணைத் தேய்த்த படங்களை அனுப்பினேன். அதற்கு அவர் எழுதியதைப் படித்தபோதுதான் ரத்தம் கொதித்தது. "அந்தக் காலத்தில் பிளாக் உடைந்தால் ஃபோர்டிடமிருந்து எண் இல்லாத புது பிளாக் வரும், அதில் பழைய எண்ணையே அடிப்பார்கள். இது தெரியாமல் பழங்கார் வாங்கக் கூடாது." அந்த வழக்கம் உண்மை. ஆனால் எண் இல்லாமல் வந்த பிளாக்கில் தேய்த்து அழிக்க என்ன இருந்தது? இதைக் கேட்டு மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பதில் இல்லை.

விற்பனைத் தளத்தில் சாட் செய்தேன். "நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைப்பவர்கள் மட்டுமே." எங்கள் வழியாகப் பணம் கட்டியிருந்தால்தான் பாதுகாப்பு என்றார்கள். நேரடியாக வயர் செய்யச் சொன்னது யார்? டீலர்தான், கமிஷன் மிச்சமாகும் என்று. அந்த விளம்பரம் இன்றைக்கும் அங்கே "விற்றாகிவிட்டது" என்ற முத்திரையோடு அழகாக இருக்கிறது. பாங்கில் படிவம் வாங்கிக்கொண்டார்கள், நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிய பணம், திரும்பி வருவது கஷ்டம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அந்த ஊர்ப் போலீசுக்குப் போன் செய்தால் இது சிவில் வழக்கு, வக்கீலைப் பாருங்கள் என்றார்கள். வக்கீல் வழக்கைத் தொடவே ஐயாயிரம் டாலர் முன்பணம் கேட்கிறார். 43,500 போன பிறகு இன்னொரு 5,000. எண் திருத்திய வண்டியை என் பேரில் பதிவு செய்யலாமா என்றால் அவசரப்பட வேண்டாம் என்கிறார். ஆக ஓட்டவும் முடியாது, மனசாட்சியோடு இன்னொருவர் தலையில் கட்டவும் முடியாது.

புதன் ராத்திரி அப்பா வீடியோவில் வந்தார். வண்டியைக் காட்டு என்றார், காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வாங்கறதுக்கு முன்னால அடியில குனிஞ்சு பாத்தியா கண்ணு?" என்று கேட்டார். பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு லாரிக்கும் அவர் முதலில் செய்வது அதுதான், அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். "பாத்தேங்கப்பா" என்று பொய் சொன்னேன். அவரிடம் நான் சொன்ன விலை வேறு.

சரி, சொன்னபடி எழுதிவிடுகிறேன், விரிவாக எழுத இப்போது மனசு இல்லை. என்ஜினின் இரண்டு பக்கமும் திறந்து காட்டாத வண்டிக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள், முக்கியமாக வலப்பக்கம். வண்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள். எண்ணுக்கு மேலே புதுப் பெயிண்ட் இருந்தால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். விற்பவரோடு சம்பந்தமே இல்லாத, அந்த மாடல் தெரிந்த ஒருவரைக் கூலி கொடுத்தாவது கூடக் கூட்டிப் போங்கள். வயர் டிரான்ஸ்ஃபர் வேண்டவே வேண்டாம். எந்த வருஷம், எந்த பிளாக் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் "பழைய ஃபோர்டு, ஒன்று" என்று மட்டும்தான் இருக்கிறது, அதையும் நேற்றுதான் கவனித்தேன்.

பென்சில்வேனியா பக்கத்திலிருந்து 2,500க்குள் எண் உள்ள சிவப்பு டூரிங் என்று உங்களுக்கும் யாராவது விலை சொன்னால், பணம் அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு தகவல் அனுப்புங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை. பிளாக் படங்கள் எல்லாம் வைத்திருக்கிறேன், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதே மாதிரி ஏமாந்து பணத்தைத் திரும்ப வாங்கியவர் யாராவது இருந்தால் எப்படி வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை மறுபடி வக்கீலைப் பார்க்கிறேன்.