டால்மேஷியாவா, லிசியாவா? ஒரு வாரப் பாய்மரப் பயணத்துக்கு ஏற்ற கரை

குரோஷியாவின் டால்மேஷியக் கரைக்கு முன்னால் தீவுகள் வேலி கட்டியதுபோல் வரிசையாக நிற்கின்றன. திறந்த கடலின் அலை உள்ளே வருவதற்குள் பாதி அடங்கிவிடும். ஸ்பிளிட் நகரத்தில் காலையில் கிளம்பினால் மாலைக்குள் ஹ்வார் தீவு, மறுநாள் விஸ் தீவு. 1983இல் தொடங்கிய ஏசிஐ என்ற நிறுவனத்துக்கு மட்டும் இந்த நாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட மெரினாக்கள், அதாவது படகு நிறுத்தும் துறைகள், உண்டு. அங்கே கடல்தரையோடு பிணைத்த கயிறு தயாராக இருக்கும், எடுத்துக் கட்டினால் போதும். புதிதாகப் படகு ஓட்டுபவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் மெரினாக் கட்டணம் கையைக் கடிக்கும். சரி, ஏதாவது விரிகுடாவில் தங்கலாம் என்றால், பல இடங்களில் படகைக் கட்டும் மிதவைக்கும் காசு.

துருக்கியின் லிசியக் கரையில், அதாவது கோஜெக்கிலிருந்து கெகோவா வரை, வேலை கொஞ்சம் கூடுதல். கரையை ஒட்டியே ஆழம் இறங்கிவிடும். நங்கூரத்தைத் தள்ளிப் போட்டுவிட்டுப் படகைப் பின்னோக்கி நகர்த்த வேண்டும். ஒருவர் கயிற்றோடு நீந்திப் போய்ப் பாறையிலோ கட்டுத்தூணிலோ கட்டுவார். பழகியவர்கள் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். சில விரிகுடாக்களில் உணவகங்களே மரத்துறை போட்டிருக்கின்றன. இரவுச் சாப்பாடு அங்கே என்றால் படகுக்குத் தனிக் கட்டணம் கேட்பதில்லை.

காற்றைப் பொறுத்தவரை இரண்டிலும் எச்சரிக்கை தேவை. டால்மேஷியாவில் தெளிந்த வானத்திலேயே மலையிலிருந்து பாய்ந்து இறங்கும் பூரா காற்று வரலாம். லிசியாவில் ஃபெத்தியேவுக்கும் கல்கானுக்கும் நடுவில் ‘ஏழு முனைகள்’ என்ற நீண்ட கரை, ஒதுங்க நல்ல இடமே இல்லை. கோடையில் கெகோவாவிலிருந்து கோஜெக்குக்குத் திரும்பி வரும்போது காற்று பெரும்பாலும் எதிரே இருக்கும். விடியும் முன்பே கிளம்பிவிடுங்கள்.

கடல் வரலாறு என்று வந்தால் விஸ் தீவுக்கு ஒரு முழு நாள் கொடுக்கலாம். 1866இல் ஆஸ்திரியக் கடற்படை இத்தாலியக் கடற்படையைத் தோற்கடித்தது இதன் அருகில்தான். பிறகு, குரோஷியா யுகோஸ்லாவியாவின் பகுதியாக இருந்த காலத்தில், அதன் ராணுவத் தளமானதால் 1989 வரை வெளிநாட்டவருக்கு அனுமதியே இல்லை. மலையைக் குடைந்து கட்டிய நீர்மூழ்கிக் கப்பல் கூடத்துக்குள் இன்று படகிலேயே நுழையலாம்.

ஆனாலும் என் மனம் லிசியாவோடுதான். கெகோவாவில் நிலநடுக்கத்தால் மூழ்கிய ஊரின் படிக்கட்டுகள் தெளிந்த நீருக்குள் இறங்கிப்போவது தெரியும். அங்கே நீந்தத் தடை, படகிலிருந்து பார்ப்பதோடு சரி. எதிரே சிமேனாவில், ஆழம் குறைந்த நீரில் ஒரு லிசியக் கல்லறை தனியாக நிற்கிறது. அங்கிருந்து மேற்கே, காஷ் ஊருக்கு அருகில் உலுபுரூன் முனை. 1982இல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர், ‘காது வைத்த உலோக பிஸ்கட்’ பார்த்ததாகச் சொன்னார். அவை செம்புக் கட்டிகள். சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய கப்பல் அது. பத்து டன் செம்பு, ஒரு டன் தகரம், நீலக் கண்ணாடிக் கட்டிகள், கருங்காலி மரம், எகிப்தின் நெஃபெர்டிட்டி அரசியின் பெயர் பொறித்த தங்க முத்திரை எல்லாம் அதில் இருந்தன. 1984 முதல் 1994 வரை அகழ்ந்தார்கள்.

முதல்முறை ஓட்டுபவர்களும் குழந்தைகளோடு போகிறவர்களும் டால்மேஷியாவை எடுங்கள். நங்கூரம் போட்டுப் பழகியவர்கள் கெகோவாவுக்குப் போங்கள். அப்புறம் துருக்கியின் போத்ரும் நகரக் கோட்டையில் உள்ள நீரடித் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள், அந்தச் செம்புக் கட்டிகள் இப்போது அங்கேதான் இருக்கின்றன.