மவுன்ட், எம்சிபி, நகல்: கிளிநொச்சிக் கந்தோருக்கு எது தோது?

கமக்காரர் அமைப்புகளின் கூட்டக் குறிப்புகள், காலபோக ஏக்கர்க் கணக்கு, காணி அனுமதிப்பத்திரங்களின் ஸ்கான் எல்லாம் கூகிள் டிரைவில் கிடக்கும் ஒரு சின்னக் கந்தோர். அவற்றை ஏஐ ஏஜென்ட், அதாவது சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் ஏஐ மென்பொருள், வாசித்துப் பதில் சொல்ல வேண்டும். ஏஜென்டையும் வெளிச் சேமிப்பையும் இணைக்கும் கருவிக்குத் தமிழில் கையேடு எழுதும் வேலை இப்போது என் மேசையில். மூன்று வழிகள் இருக்கின்றன. எதை முதல் பக்கத்தில் வைப்பது?

பலரும் முதலில் கைவைப்பது மவுன்ட். ஆர்குளோன் என்ற திறமூல மென்பொருள் 70க்கு மேற்பட்ட சேமிப்புச் சேவைகளோடு பேசும். டிரைவைக் கணினியில் ஒரு ஃபோல்டர் மாதிரிக் காட்டும். ஏஜென்டுக்குப் புதிதாக எதுவும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நல்ல ஃபைபர் லைன் இருந்தால் சரி. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் உள்ளே போய் டொங்கிளில் வேலை செய்கிறவருக்கு இது செலவு பிடித்த வசதி. ஏஜென்ட் எதையாவது தேடப் புறப்பட்டால் ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கும். திறக்கிறதெல்லாம் இணையம் வழியாக இறங்கும். ஒரு சொல்லைத் தேடப்போய் முழு டேட்டாவும் முடிந்துவிடும்.

ஏஜென்ட் கோப்பில் எழுதும்போது இன்னொரு சிக்கல். தற்காலிகச் சேமிப்பை இயக்கி வைத்திருந்தால், கோப்பை மூடி 5 செக்கன் கழித்துத்தான் ஆர்குளோன் அதை மேலே ஏற்றத் தொடங்கும். இடையில் லைன் போனால் கோப்பு கணினியிலேயே நிற்கும், பிறகு திரும்பத் திரும்ப முயலும். ஏஜென்டோ அதற்குள் ‘சேமித்தாயிற்று’ என்று சொல்லி முடித்திருக்கும். கூகிள் டொக்ஸில் எழுதிய கோப்புகள் மவுன்டில் 0 பைட் என்று தெரியும் என்பதையும் கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும். இல்லாவிட்டால் வெற்றுக் கோப்பென்று ஏஜென்ட் தாண்டிப் போகலாம்.

எம்சிபி (மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டோகோல்), ஏஜென்டை வெளிச் சேவைகளோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட திறந்த நெறிமுறை. இதில் ஏஜென்டுக்கு ஃபோல்டர் எதுவும் தெரியாது. ‘தேடு’, ‘வாசி’ என்று சில கருவிகள் மட்டும் கிடைக்கும். தேடல் கூகிளின் பக்கத்திலேயே நடப்பதால் அகப்பட்ட கோப்பு மட்டும் இறங்கும். டேட்டாவுக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் கையேடு எழுதுகிறவருக்கு வேலை இரட்டிப்பு. கந்தோர் ஆள் வாசிக்கும் பக்கம் ஒன்று, ஏஜென்டே வாசிக்கும் கருவி விளக்கம் இன்னொன்று. இரண்டாவது சொதப்பினால் முதலாவது எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

அனுமதியையும் இங்கே கவனிக்க வேண்டும். கூகிளில் ‘டிரைவ்’ என்ற அனுமதி முழுக் கணக்கையும் திறந்து விடும், ‘டிரைவ்.ரீட்ஒன்லி’ எல்லாவற்றையும் வாசிக்க மட்டும் விடும், ‘டிரைவ்.ஃபைல்’ டிரைவோடு இணையும் செயலி உருவாக்கிய கோப்புகளுக்கும் நாம் தெரிவுசெய்து கொடுத்தவற்றுக்கும் மட்டுந்தான். ஒரு வாய்க்காலுக்குத் தண்ணீர் விடச் சொன்ன வட்டவிதானையிடம் குளத்துத் துருசுத் திறப்பையே கொடுத்துவிட்டு வருவது போன்றது முதலாவது. அத்தோடு, செயலியைக் கூகிளில் ‘சோதனை’ நிலையிலேயே விட்டிருந்தால் அனுமதி 7 நாளில் காலாவதியாகும். கையேட்டில் இது இல்லையென்றால், அடுத்த கிழமை எல்லாரும் கருவி பழுதென்றுதான் சொல்வார்கள்.

மூன்றாவது, நகல். இரவில் ஆர்குளோன் வேண்டிய கோப்புகளை மட்டும் கணினிக்கு இறக்கிவிடும். ஏஜென்ட் அந்த நகலைத்தான் தொடும். பகலில் லைன் போனாலும் வேலை நிற்காது, மூலக் கோப்புக்கும் ஆபத்தில்லை. இங்கே கட்டளையில் ‘கொப்பி’, ‘சிங்க்’ இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சிங்க் போடும்போது, போய்ச்சேரும் இடத்தில் மூலத்தில் இல்லாத கோப்புகளெல்லாம் அழிபடும். மூலத்தையும் சேருமிடத்தையும் மாற்றி எழுதி, கணினி ஃபோல்டரும் வெறுமையாக இருந்தால், டிரைவில் உள்ளதெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போகும். ஆகவே கையேட்டில் ‘கொப்பி’ மட்டும். அதுவும் முதலில், எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் ஒத்திகை ஓட்டத்தோடு.

எனக்கு நகல் பிடித்துப்போனது வேறு ஒரு காரணத்தால். நம் கந்தோர்களில் பழைய கோப்புகள் பாதி பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். யூனிகோடில் ‘காணி’ என்று தேடினால் மவுன்டிலும் அகப்படாது, எம்சிபியிலும் அகப்படாது. நகல் வழியில் இறக்குவதற்கும் வாசிப்பதற்கும் நடுவில் ஓர் எழுத்துரு மாற்றியை வைக்கலாம், மூலத்தைத் தொடாமலே.

குறை இல்லாமலில்லை. நகல் நேற்றையது. இரணைமடுவில் தண்ணீர் திறக்கும் திகதி இன்று மத்தியானம் மாறியிருந்தால் ஏஜென்ட் பழைய திகதியைத்தான் சொல்லும்.

அமேசானின் எஸ்3 வகை இணையச் சேமிப்புக்கு ஒரு பத்தி போதும்: அங்கே உண்மையில் ஃபோல்டர் கிடையாது, பெயர் மாற்றுவது நகலெடுத்து அழிப்பதுதான். பதிப்பு வரலாற்றை இயக்கி வைக்காவிட்டால் அழிந்தது அழிந்ததுதான். கோப்புக்குள்ளேயே யாராவது ஏஜென்டுக்குக் கட்டளை எழுதி வைக்கும் ஆபத்து மூன்று வழிக்கும் பொது. வாசிக்க மட்டும் அனுமதி கொடுத்தால் மூலக் கோப்புகளாவது தப்பும்.

ஆகவே முதல் பக்கம் நகலுக்கு. ஏஜென்ட் எழுதுவதெல்லாம் தனி ஃபோல்டருக்கு, அதை ஓர் ஆள் பார்த்துத்தான் மேலே ஏற்ற வேண்டும். திகதி, கூட்ட நேரம் மாதிரி அன்றன்று மாறுகிறவற்றுக்கு எம்சிபி. மவுன்ட் பின்னிணைப்பில் இருக்கட்டும், வாசிக்க மட்டும் என்ற தெரிவோடு.