டிராஃபிக் ஏற்றித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுக்கும் முன்

எங்கள் இணையதளத்துக்கு ஆட்களை வரவைப்பதாகச் சொல்லி ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனம் மாதாமாதம் பணம் வாங்கியது. ஆட்கள் வரவில்லை, எண்கள்தான் வந்தன. நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த எண்களை எப்படிக் காட்டினார்கள் என்பது தெரிந்தால் யார் வந்து சொன்னாலும் நீங்களே பிடித்துவிடலாம்.

முதல் ரிப்போர்ட்டில் ‘ஹிட்ஸ்’ என்று பெரிய எழுத்தில் லட்சக்கணக்கில் போட்டிருந்தார்கள். ஹிட் என்பது ஆள் கணக்கே இல்லை. ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தால், அதிலுள்ள ஒவ்வொரு படத்துக்கும் ஸ்கிரிப்டுக்கும் ஸ்டைல் ஃபைலுக்கும் எழுத்துருவுக்கும் பிரவுசர் சர்வரிடம் தனித்தனியாகக் கோரிக்கை அனுப்புகிறது. ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு ஹிட். 60 ஃபைல்கள் உள்ள முகப்பை ஒரே ஒருவர் திறந்தாலும் 60 ஹிட் விழும். இவர்கள் வேலையைத் தொடங்கியதும் முதலில் செய்தது, முகப்பில் படங்கள் நிறைந்த ஒரு பெரிய ஸ்லைடரை (படங்கள் மாறி மாறி ஓடும் பட்டை) சேர்த்ததுதான்! ஒரு ஆள்கூடக் கூடாமல் ஹிட் மட்டும் ஏற அதுவே போதும். கூகுள் போன்ற தேடுபொறிகளின் பாட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) வந்து போவதும் சர்வர் லாகில், அதாவது சர்வரின் பதிவேட்டில், ஹிட்டாகத்தான் பதிவாகும்.

ஹிட் வேண்டாம், எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லுங்கள் என்றேன். அடுத்த ரிப்போர்ட்டில் ‘பார்வையாளர்கள்’ என்று ஒரு எண் வந்தது. அது செஷன், அதாவது ஒவ்வொரு தடவை வந்து போவதன் எண்ணிக்கை. தளத்துக்கு வரும் வருகைகளை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற கருவியில் யூசர், செஷன், பேஜ்வியூ மூன்றும் வேறு வேறு. ஒருவர் காலையில் வந்து மூன்று பக்கம் பார்த்துவிட்டு, மாலையில் திரும்ப வந்து ஒரு பக்கம் பார்த்தால் அவர் ஒரு யூசர், இரண்டு செஷன், நான்கு பேஜ்வியூ. 30 நிமிடம் எந்த அசைவும் இல்லையென்றால் அந்த செஷன் முடிந்ததாகக் கணக்கு. யூசர் எண்ணிக்கையையும் அப்படியே தலைக்கணக்காக எடுக்க முடியாது. பெரும்பாலும் குக்கியை (தளம் பிரவுசரில் வைக்கும் சிறு அடையாளக் குறிப்பு) வைத்துத்தான் எண்ணுகிறார்கள், அதனால் ஒரே ஆள் போனிலும் கணினியிலும் வந்தால் இரண்டு யூசர் ஆகிவிடுவார். இருந்தாலும் செஷனுக்குப் பார்வையாளர் என்று பெயர் போடுவது ஏமாற்றுதான்.

எண்கள் ஏறிக்கொண்டே போனாலும் விசாரணைப் படிவம் நிரப்புகிறவர்கள் கூடவில்லை. கேட்டால் ‘பிராண்ட் பெயர் பரவுகிறது’ என்றார்கள். பி.டி.எஃப். வேண்டாம், அனலிட்டிக்ஸையே பார்க்க அனுமதி கொடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டபின், பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது.

உள்ளே போய்ப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. புதிதாக ஏறிய செஷன்கள் ஏறக்குறைய எல்லாமே ‘டைரக்ட்’ என்ற வகையில், அதாவது எந்தத் தேடலிலிருந்தோ இணைப்பிலிருந்தோ வந்தன என்று தெரியாதவையாக, இருந்தன. பெரும்பகுதி அமெரிக்காவின் ஆஷ்பர்ன் நகரத்திலிருந்து. அங்கே பெரிய டேட்டா சென்டர்கள், அதாவது சர்வர்களை அடுக்கி வைத்திருக்கும் மையங்கள், குவிந்திருக்கின்றன; பாட்கள் இப்படிப்பட்ட இடங்களிலிருந்து வரலாம். விபிஎன் (இணைப்பை வேறொரு ஊரின் சர்வர் வழியாகத் திருப்பிவிடும் சேவை) வழியாக வரும் நிஜ மனிதர்களும் அந்த ஊராகக் காட்டப்படலாம் என்பதால் ஊர்ப் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆனால் அத்தனை பேருக்கும் ஒரே திரை அளவு, ஒரே பிரவுசர். பகல் இரவு வித்தியாசம் இல்லாமல் மணிக்கு மணி ஒரே அளவு வருகை. மனிதர்கள் வரும் தளத்தில் கோடு ஏறி இறங்கும், இங்கே தட்டையாகக் கிடந்தது.

ரிப்போர்ட்டில் பெருமையாகக் காட்டிய ‘எங்கேஜ்மென்ட் ரேட்’ எப்படி உயர்ந்தது என்பதும் அங்கேதான் புரிந்தது. ஜிஏ4-ல் (கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பு) ஒரு செஷன் 10 விநாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கங்கள் பார்த்தாலோ, நாம் முக்கியம் என்று குறித்த ஒரு செயல் நடந்தாலோ அது எங்கேஜ்டு செஷன். மொத்த செஷன்களில் அவற்றின் சதவீதம்தான் எங்கேஜ்மென்ட் ரேட், அப்படி ஆகாதவற்றின் சதவீதம் பவுன்ஸ் ரேட். இந்த வருகைகள் 10 விநாடியைக் கொஞ்சம் தாண்டியதும் போய்விட்டன. பக்கத்தின் 90 சதவீதம் வரை இறங்கிப் பார்த்தால் ‘ஸ்க்ரோல்’ என்று பதிவாக வேண்டும். அது ஏறக்குறைய இல்லவே இல்லை.

கடைசியாக கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவியைப் பார்த்தேன். கூகுள் தேடலில் நம் தளம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை முறை கிளிக் செய்யப்பட்டது என்பதை கூகுளே நேரடியாகத் தருகிறது. தேடலிலிருந்துதான் ஆட்கள் வருகிறார்கள் என்று இவர்கள் சொல்லியிருந்தார்கள். கிளிக் எண்ணிக்கை பழைய இடத்திலேயே நின்றிருந்தது. இதைக் காட்டியதும் ‘அல்காரிதம் மாறிவிட்டது’ என்றார்கள், அப்புறம் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பணம் திரும்பவில்லை.

அதைவிட எனக்கு அதிகக் கோபம் வேறொன்றில். அனலிட்டிக்ஸை அவர்கள் தங்கள் கணக்கிலேயே தொடங்கியிருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் என் அனுமதியை எடுத்துவிட்டார்கள். ஒரு ப்ராப்பர்ட்டியை (அனலிட்டிக்ஸில் ஒரு தளத்தின் தரவு சேரும் இடம்) வேறு கணக்குக்கு மாற்ற வசதி உண்டு, ஆனால் அவர்கள் சம்மதிக்க வேண்டும். மறுத்துவிட்டார்கள். எங்கள் தளத்தின் பழைய தரவு முழுக்க அவர்களிடம் இருக்கிறது.

ஆகவே அனலிட்டிக்ஸ், சர்ச் கன்சோல் இரண்டையும் உங்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்குங்கள். வேலை செய்பவர்களுக்கு அதில் தேவையான அனுமதி மட்டும் கொடுங்கள். ஒப்பந்தத்தில் ஹிட்ஸ், செஷன், இம்ப்ரெஷன் (எத்தனை முறை காட்டப்பட்டது என்ற எண்) எதையும் இலக்காக ஏற்காதீர்கள். நிரப்பப்பட்ட படிவம், வந்த அழைப்பு, நடந்த விற்பனை என்று எழுதச் சொல்லுங்கள். தளத்தில் ஆட்சென்ஸ் (தளத்தில் விளம்பரம் காட்ட கூகுள் பணம் தரும் திட்டம்) விளம்பரம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. இப்படிப் போலி வருகை வந்தால் கூகுள் முடக்குவது உங்கள் கணக்கைத்தான், அனுப்பியவர்களுடையதை அல்ல.

இன்னொன்று, ஜிஏ4-ல் விரிவான ஆய்வுக்கான தரவு வழக்கமாக 2 மாதம்தான் வைக்கப்படும். அமைப்புகளில் அதை 14 மாதமாக மாற்றலாம். கணக்கு தொடங்கிய அன்றே மாற்றிவிடுங்கள், அழிந்த தரவு திரும்பக் கிடைக்காது.