முதுகில் ஊசி: ஸ்பைனலா, எபிடியூரலா?

பட்டர்வொர்த்தில் தங்கைக்கு வளைகாப்பு முடிந்த கையோடு பிரசவ வலிக்கோ சிசேரியனுக்கோ முதுகில் போடும் மரத்துப்போகும் ஊசியைப் பற்றி (ஸ்பைனல், எபிடியூரல் என்று இரண்டு வகை) வீட்டுப் பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள்: "முதுகுல ஊசி போட்டா காலம் பூரா இடுப்பு வலிம்மா." அவள் பயந்ததோ வேறொன்றுக்கு. ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டி, நரம்பை அழுத்தி, கால் விழுந்துவிடுமோ என்று. நடப்பதுண்டு, ஆனால் மிக மிக அரிது. பிரசவ எபிடியூரலில் சுமார் 168,000 பேரில் ஒருவருக்கு என்று 2006-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

ஸ்பைனல் ஊசி மெல்லியது. மருந்தைச் செலுத்தியதும் வெளியே எடுத்துவிடுவார்கள். எபிடியூரல் ஊசி தடிமன்; அதன் வழியே சன்னமான குழாயைச் செருகி, வலி தீரும்வரை உள்ளேயே விட்டுவைப்பார்கள். கர்ப்பத்தில் முதுகெலும்புக்குள் உள்ள ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும், உரசினால் கசியலாம். கசிவை மட்டும் பார்த்தால் ஸ்பைனலுக்கே என் ஓட்டு. ஆனால் ராத்திரி முழுக்க நீளும் பிரசவ வலிக்கு அது போதாது, இரண்டு மூன்று மணி நேரத்தில் தெளிந்துவிடும்.

எபிடியூரலில் இன்னொன்றும் உண்டு. குழாயைச் செருகும்போது மட்டுமல்ல, உருவும்போதும் கசியலாம். அதனால்தான் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் வகை ஊசிகளுக்கு நேரக் கணக்கு பார்க்கிறார்கள். அவற்றில் ஒன்றான எனாக்ஸாபாரினை, ரத்தம் கட்டாமல் தடுக்கும் அளவில் போட்டிருந்தால் 12 மணி நேரம், ஏற்கெனவே கட்டியதற்கான சிகிச்சை அளவென்றால் 24 மணி நேரம் கழித்தே முதுகில் கை வைப்பார்கள். வீட்டிலேயே போட்டுக்கொள்பவர்கள் கடைசி ஊசி எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கள், தயவுசெய்து.

அப்புறம் பிளேட்லெட், அதாவது ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள். 70,000-க்கு மேல் இருந்து வேறு கோளாறும் இல்லையென்றால் பொதுவாக இரண்டுமே போடலாம். ரத்தக்கொதிப்பு முற்றினாலோ டிங்கி வந்தாலோ அது மளமளவென்று இறங்கும். பிங்க் புத்தகத்தில் (கர்ப்பிணிகளின் பரிசோதனைப் பதிவேடு) போன வாரம் எழுதிய எண் அப்போது உதவாது. ரொம்பக் குறைந்தால் சிசேரியனுக்கு முழு மயக்கம்தான்.

தங்கைக்குக் கடைசியில் சிசேரியன், ஸ்பைனல். எந்த ஊசியானாலும் கடைசி மருந்து போட்ட நாலு மணி நேரத்தில் படுத்தபடியே காலைத் தூக்க முடிய வேண்டும். முடியாவிட்டாலோ, தெளிந்த கால் மறுபடி மரத்தாலோ, மயக்க மருத்துவரை உடனே கூப்பிடச் சொல்லுங்கள். ரத்தக்கட்டு என்றால் எம்ஆர்ஐ எடுத்து, 8 முதல் 12 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் கால் பிழைக்க வாய்ப்பு அதிகம். "அசதியா இருக்கும், தூங்கட்டும்" என்று விட்டுவிடக் கூடாது.

தாதி போர்வையை விலக்கி, "தூக்குங்க" என்றார். முதலில் வலது கால், பிறகு இடது. அதுவரை கட்டிலை விட்டு நகராத அம்மா அப்போதுதான் மைலோ வாங்கக் கீழே போனார்.