பிரிக்பீல்ட்ஸில் ஒரு நாள் ஆள் நிர்வாகப் பயிற்சி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சிறு வணிகர்களுக்காகத் தமிழிலேயே நடத்தப்பட்ட இந்தப் பட்டறை, காலையில் கோட்பாடும் மாலையில் சட்டமுமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இரண்டில் மாலைப் பகுதியே கட்டணத்துக்குத் தகுந்தது.

தொழிலாளி இயல்பிலேயே வேலையைத் தட்டிக்கழிப்பவர் என்று கருதும் பார்வையையும், தகுந்த சூழல் அமைந்தால் தாமே பொறுப்பேற்பார் என்னும் பார்வையையும் எக்ஸ், ஒய் எனப் பிரித்துக் காட்டிய மேலாண்மை அறிஞர் டக்ளஸ் மெக்கிரகரின் 1960ஆம் ஆண்டுக் கோட்பாட்டைப் பயிற்றுநர் தெளிவாகவே விளக்கினார். ஆனால் எடுத்துக்காட்டுகள் அனைத்தும் பெருந்தொழிற்சாலைகளைச் சார்ந்தவை. மாமன் மகனையே கல்லாவில் உட்கார வைத்திருக்கும் துணிக்கடைக்காரர் அவரை எப்படிக் கண்டிப்பது என்பதற்கு அங்கே விடையில்லை.

மாலையில், 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தங்கள் அலசப்பட்டன. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்ததும், பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 ஆக உயர்ந்ததும் பலரும் அறிந்தவையே. நெகிழ்வான வேலை ஏற்பாடு கேட்டு ஊழியர் விண்ணப்பித்தால் முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்து மூலம் பதிலளிக்க வேண்டும், மறுத்தால் காரணமும் கூற வேண்டும் என்றபோதுதான் அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஓர் உணவகத்தின் வேலை அட்டவணையைப் பலகையில் வரைந்து, ஓய்வு நேரத்தைக் கழித்து, 45 மணிக்குள் அடக்கிக் காட்டிய விதம் பாராட்டுக்குரியது.

கையேட்டின் அச்சு மங்கல். மதிய வாழையிலைச் சாப்பாடு நன்று. ஏற்பாட்டாளர் மனிதவள மேம்பாட்டுக் கழகத்தில் பதிவு பெறாததால், அக்கழகத்துக்கு லெவி (ஊழியர் பயிற்சிக்கென முதலாளிகள் கட்டும் கட்டாயத் தொகை) செலுத்தும் நிறுவனங்கள் பட்டறைக் கட்டணத்தை அந்தத் தொகையிலிருந்து ஈடுகட்ட இயலாது. சேர விரும்புவோர் இதை முன்கூட்டியே கணக்கில் கொள்வது நலம்.